படகில் ஏறிய பேட்டரிக்காரர் மகள்

அவளுடைய அப்பாவுக்குப் பேட்டரி சார்ஜ் போடும் கடை. லாரி, டிராக்டர், டாக்சி என்று எது எங்கே படுத்துவிட்டாலும் அதன் பேட்டரி அவர் கடை வாசலுக்குத்தான் வந்து சேரும். கடைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை இருந்தது. அதைத்தான் வீடு என்று சொல்லிக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பேட்டரிகள் வரிசையாகக் கொதித்துக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் அம்மா சமைப்பாள், அண்ணன் படிக்கிற மாதிரி பாவனை செய்வான், இவள் துணி மடிப்பாள். கொடி கட்ட வேறு இடம் இல்லாததால் துணியெல்லாம் கடைக்குள்தான் காயும். காய்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் மத்தியானத்துக்குள் ஆசிட் பட்ட இடமெல்லாம் பொத்தல் பொத்தலாக விட்டுவிடும். கூடப் படித்த பெண்கள் அவளுக்குச் சல்லடை என்று பெயர் வைத்தார்கள். அழுதுகொண்டு வந்து சொன்னால் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: துணிதானே போச்சு, தோல் இருக்கில்ல.

ஆறுதல் என்ற சரக்கு அந்தக் கடையில் விற்பனைக்கு இல்லை. அப்பாவுக்கு உலகத்தில் தெரிந்த ஒரே விஷயம் பேட்டரி. மனிதர்களையும் அதை வைத்துத்தான் அளப்பார். கெட்டவன் என்று யாரையும் சொல்ல மாட்டார், அவனுக்கு ஒரு செல் செத்துப்போச்சு என்பார். கிழவர்களைப் பார்த்தால் சார்ஜ் நிக்காது என்பார். அம்மாவைப் பெண் பார்த்த கதையைக் கூட, பார்த்தவுடனே மீட்டர் முள் நேராக நின்றது என்றுதான் சொல்வார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். பொத்தல் சட்டை போட்டவளுக்குச் சிரிப்பு வராது.

ஆகவே கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, நகத்தைப் பார்த்தாள். நில அளவைத் துறையில் சர்வேயர். சீவிய பென்சில், மடித்த வரைபடம், சோப்புப் போட்டுக் கழுவிய விரல்கள். நகக்கண்ணில் ஒரு துளி கறுப்பு இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டாள். இனி ஆயுசுக்கும் பேட்டரியின் மூஞ்சியில் விழிக்க வேண்டாம் என்று நினைத்தாள் பாவம்.

பல வருஷம் நிம்மதியாகத்தான் போயிற்று. மாடியில் ஒரு வாடகை வீடு பிடித்தார்கள். முன்னறை, படுக்கையறை, சமையலறை, அவ்வளவுதான். ஆனால் சாமான் வைக்கும் இடம் அவள் சொன்ன இடம். பக்கத்துத் தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில், மூக்குக்கண்ணாடிச் சட்டங்களை முகத்துக்குத் தக்கபடி வளைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. சாயங்காலம் வந்து கதவைச் சாத்தினால், சுவரில் ஒரு பொத்தான். அழுத்தினால் விளக்கு எரியும். அது ஏன் எரிகிறது, எவ்வளவு நேரம் எரியும், எரிந்ததற்கு யார் காரணம் என்று எவரும் வகுப்பெடுக்க மாட்டார்கள். அந்தப் பொத்தானுக்காகவே அவளுக்கு அந்த வீட்டைப் பிடித்திருந்தது.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளிய மரத்தில் ஏறித்தான் ஆக வேண்டும் என்பார்கள். சர்வேயருக்கு வாழ்க்கைப்பட்டவள் படகில் ஏற வேண்டி வந்தது. மனிதருக்கு ஐம்பது தாண்டியதும் நிலம் அலுத்துவிட்டது. வேலையை விட்டார். யாரோ வைத்து வைத்து அலுத்துப்போன பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். உள்ளே நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும், காலை நீட்டினால் அடுப்பு இடிக்கும். இதில் கரை கரையாகப் போய்க்கொண்டே வாழ்ந்துவிடலாம் என்றார். வீடியோக்களைப் பார்த்து ஒரு வாரத்தில் மாலுமி ஆனார், மறுவாரத்தில் எலெக்ட்ரீஷியனும் ஆனார். முன்னறை முழுக்கப் பாய்த்துணியும் கயிறும் சுருள் சுருளாக ஒயரும் வந்து உட்கார்ந்தன. ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், வாசலிலேயே ஐந்து பேட்டரிகள் வரிசையாக உட்கார்ந்து அவளைப் பார்த்தன.

கடலில் சுவர்ப் பொத்தான் கிடையாது என்று கணவர் அவளுக்கு விளக்கினார். பேட்டரிக்காரர் மகளுக்கு விளக்கினார்! படகில் விளக்கு, ஃப்ரிட்ஜ், தண்ணீர் பம்பு, திசை காட்டும் கருவி, ரேடியோ எல்லாவற்றுக்கும் நாலு பேட்டரி; இன்ஜினைக் கிளப்ப மட்டும் தனியாக ஒன்று. இன்ஜின் ஓடும்போது அதிலிருக்கும் ஆல்டர்னேட்டர், அப்பா டைனமோ என்பாரே அது, எல்லாவற்றையும் சார்ஜ் செய்துவிடும். அவள் வாயைத் திறக்கவில்லை. கொட்டாவி வந்தபோது மட்டும் திறந்தாள்.

இந்தச் சமயத்தில் அப்பா எங்கே இருந்தார் என்று சொல்ல வேண்டும். அம்மா போனபின் கடையை விற்றுவிட்டு அண்ணன் வீட்டில் இருந்தார். அப்பாவுக்குத் தனி ரூம் கொடுத்திருக்கிறோம் என்று அண்ணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். தனி ரூம்தான். அதில் அவரோடு அரிசி மூட்டைகள், உடைந்த சைக்கிள், தண்ணீர் மோட்டார் ஆகியவையும் குடியிருந்தன. எப்போது போய்ப் பார்த்தாலும் அப்பா கட்டில் ஓரத்தில் செருப்பைக் கழற்றாமல், ரயிலுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருப்பார். அவள் திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணனையும் அண்ணியையும் மனசுக்குள் கிழித்துத் தோரணம் கட்டுவாள். வீட்டுக்கு வந்ததும் பாய்த்துணி நிறைந்த முன்னறையைப் பார்த்து, இங்கே எங்கே இடம் என்று பெருமூச்சு விடுவாள். அதோடு அந்த மாதத்துக் கடமை முடிந்துவிடும்.

பேட்டரி வாங்கிய செய்தி அப்பாவின் காதுக்குப் போயிற்று. மறுநாளே வந்து நின்றார். தண்ணீர் ஊற்ற மூடியே இல்லாத பேட்டரிகளைப் பார்த்துவிட்டு, வாயில்லாத பிள்ளைக்குச் சோறு எப்படி ஊட்டுவது என்று கேட்டார். கணவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் ஒயரை எந்த முனையில் மாட்டுவது என்று இரண்டு நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தவர், மாமனாரைத் துரத்தவும் இல்லை. ஒரு வழியாக, மாமாவும் கூட வந்தால் உதவியாக இருக்கும், முன்பக்கத்துப் படுக்கை சும்மாத்தானே கிடக்கிறது என்றார். அப்பா அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து டீ குடித்தார்.

ஏற்பாடு இதுதான். மூன்று பேரும் கரையோரமாக ஒரு வாரம் போய்விட்டுத் திரும்பி வருவது. எல்லாம் சரியாக நடந்தால் மாடி வீட்டைக் காலி செய்துவிட்டுப் படகிலேயே குடியேறுவது; அப்பாவும் அண்ணன் வீட்டை விட்டு வந்துவிடுவார். நடக்காவிட்டால் வீடு வீடாக இருக்கும், படகு படகாக இருக்கும், அப்பா அரிசி மூட்டைகளோடு இருப்பார். உனக்குச் சம்மதமா என்று இரண்டு பேரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், எனக்கு என் வீடு வேண்டும் என்று. கேட்காததால் சொல்லாமல் துணிமணியை எடுத்து வைத்தாள். கண்ணாடிக் கடையில் லீவும் போட்டாள்.

படகில் ஏறிய முதல் நாளே அப்பா குடியேறிவிட்டார். முன்பக்கத்துப் படுக்கைக்கு மேல் இருந்த சின்னப் பலகையில் சவரப்பெட்டி, சீப்பு, அம்மாவின் புகைப்படம் எல்லாவற்றையும் அடுக்கினார். இரண்டு சட்டையைக் கொக்கியில் மாட்டினார். ஒரு வாரப் பயணத்துக்கு இத்தனை ஜோடனையா என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சண்டை சிவப்புத் திருகில் ஆரம்பித்தது. இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சிவப்புத் திருகு இருந்தது. எந்தப் பேட்டரிக்கு வேலை, எந்தப் பேட்டரிக்குச் சார்ஜ் என்று அதுதான் முடிவு செய்யும். வட்டமாக நாலு இடம்: அணை, ஒன்று, இரண்டும், இரண்டு, அதைத் தாண்டினால் மறுபடி அணை. 'ஒன்று' என்பது இன்ஜினுடைய பேட்டரி, 'இரண்டு' என்பது வீட்டு வேலைக்கான நாலு பேட்டரி. 'இரண்டும்' என்றால் எல்லாம் சேர்ந்தது. இன்ஜின் ஓடும்போது மட்டும் 'அணை' பக்கம் போகவே கூடாது. போனால், ஆல்டர்னேட்டரில் பிறக்கிற மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் அதற்குள்ளேயே இருக்கும் டயோடு என்ற பாகத்தை எரித்துவிடும். இது அந்தத் திருகின் மேலேயே எழுதியிருந்தது.

அப்பாவுக்கு எல்லாம் சேர்ந்தே இருக்க வேண்டும். இருக்கிறது இல்லாததற்குக் கொடுக்கும், ஒற்றுமைதான் பலம் என்றார். பெற்ற பிள்ளை வீட்டில் ஸ்டோர் ரூமில் கிடப்பவருக்கு ஒற்றுமையில் அப்படி ஒரு நம்பிக்கை. கணவருக்கு எல்லாம் தனித்தனி. சேர்த்து வைத்தால் ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் குடித்துவிட்டு, கடைசியில் இன்ஜினைக் கிளப்பவும் பேட்டரி இருக்காது என்றார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. இன்ஜின் ஓடும்போது சேர்த்து வை, நின்றபின் பிரித்து வை. பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற சங்கதி. ஆனால் மாமனார் சொன்னதை மருமகனும் மருமகன் சொன்னதை மாமனாரும் ஒப்புக்கொள்வதற்குச் சூரியன் மேற்கே உதிக்க வேண்டும். அப்பா தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் திருகை 'இரண்டும்' என்று வைப்பார். கணவர் தலை துவட்டத் துண்டு எடுக்கிற சாக்கில் பிரித்து வைப்பார். இருவருக்கும் அத்தனை தாகம், அத்தனை வியர்வை.

இரண்டாம் நாள் மத்தியானம் காற்று இல்லை, இன்ஜினில் போய்க்கொண்டிருந்தார்கள். நாலு பேட்டரிக்கும் சார்ஜ் ஏறட்டும் என்று கணவர் திருகை 'இரண்டு' என்பதில் வைத்திருந்தார். இன்ஜினை நிறுத்தும் முன் அதன் பேட்டரிக்கும் கொஞ்சம் சார்ஜ் ஏற, 'ஒன்று'க்குக் கொண்டு போக வேண்டும். நேர் வழி 'இரண்டும்' வழியாகத்தான். அதற்கு முந்தைய முறை திருப்பியபோது, கை அந்த இடத்தைக் கடப்பதை அப்பா பார்த்துவிட்டார். பார்த்தவர் சும்மா இருந்தாரா?

"எப்படிப் போனாலும் என் வழியாத்தான் போகணும், பாத்தீங்களா மாப்பிள்ளை."

அந்த வார்த்தை கணவருக்கு உள்ளே போய்த் தைத்துவிட்டது. இந்த முறை திருகைப் பிடித்தவர் ஒரு நொடி யோசித்தார். மாமனார் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். படித்த மனிதர், அங்குலம் பிசகாமல் ஊர் ஊராக நிலம் அளந்த மனிதர், மாமனார் பேர் எழுதின இடத்தைத் தொடக்கூடாது என்ற ஒரே வீராப்பில், திருகை அந்தப் பக்கமாக, 'அணை' வழியாகச் சுற்றி 'ஒன்று'க்குக் கொண்டுபோனார். இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. எதுவும் வெடிக்கவில்லை. கணவர் ஜெயித்த முகத்தோடு மேலே போய்ச் சுக்கானைப் பிடித்தார்.

அவள் சமையல் மூலையில் நின்றிருந்தாள். அங்கே ஜன்னல் கிடையாது, பகலிலும் ஒரு சின்ன விளக்கு எரியும். கணவர் மேலே இன்ஜினை வேகப்படுத்தும்போதெல்லாம் அந்த விளக்கு கொஞ்சம் கூடுதலாகப் பிரகாசிக்கும். டாக்சிக்காரர்களிடம் முன்விளக்கைப் போட்டு இன்ஜினை உறுமவிடச் சொல்லி அப்பா இதைத்தான் பார்ப்பார், அவள் பிறந்ததிலிருந்து பார்த்த வித்தை. இப்போது இன்ஜின் வேகம் எடுத்தது. விளக்கு அசையவில்லை. திரும்ப வேகம் எடுத்தது. விளக்கு மங்கலாக, அப்படியே இருந்தது. ஆல்டர்னேட்டர் செத்துவிட்டது என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சார்ஜ் ஏறாவிட்டால் எரிய வேண்டிய சிவப்புப் பல்பு, படகு வாங்கும்போதே ஃப்யூஸ் போயிருந்தது. அதை மாற்றுவது கணவரின் திட்டத்தில் அடுத்த வருஷத்துக்கு இருந்தது.

சொல்லத்தான் வாயெடுத்தாள். சொன்னால் என்ன ஆகும்? பக்கத்துத் துறையில் நிறுத்தி வேறு ஒன்று மாட்டுவார்கள். பயணம் வெற்றி. மாடி வீட்டுச் சாவி ஓனரிடம். சொல்லாவிட்டால் இன்னும் சில நாளில் பேட்டரிகள் தானாகப் படுத்துவிடும், இரண்டு மேதைகளும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லி அடித்துக்கொள்வார்கள், படகுக் குடித்தனம் கரையேறாது. அவள் வாயை மூடிக்கொண்டாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வெங்காயம் நறுக்கினாள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. கணவர் தன் மீட்டரில் எண் இறங்குவதைப் பார்த்தார். மாமா ஒயரை மாட்டின லட்சணம் என்றார். அப்பா ஃப்ரிட்ஜைக் காட்டி அது யானைத் தீனி தின்கிறது என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இங்கே இரண்டு பேர் ஆடினார்கள். அப்பாவின் குரல் முன்னைக்கு இப்போது ஓங்கியிருந்தது. ஆனால் திருகின் பக்கம் மட்டும் போகவில்லை. அவள் அதைக் கவனித்தாள், மனிதர் களைத்துவிட்டார் என்று நினைத்தாள். ஃப்ரிட்ஜ் நின்றது, பால் திரிந்தது. தண்ணீர் பம்பு நின்றது, வாளியில் மொண்டு குளித்தார்கள். ரேடியோ கரகரத்து ஓய்ந்தது. ஒவ்வொன்றாக நிற்க நிற்க அவள் மனசுக்குள் மாடி வீட்டின் முன்னறையில் புதுத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்பாவை நினைக்கவில்லையா என்றால், நினைத்தாள். நினைத்துவிட்டு, அண்ணன் என்ன தெருவிலா விட்டுவிட்டான், தனி ரூம் இருக்கிறதே என்று சமாதானம் செய்துகொண்டாள். அண்ணியின் வார்த்தை தன் நாக்கில் ஏறி உட்கார்ந்திருப்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

திரும்பி வந்து சேர்ந்த நாள், துறைமுகத்தின் வாயில் காற்று செத்துவிட்டது. பாய்த்துணி தொங்கிப்போயிற்று. நீரோட்டம் படகைக் கருங்கல் தடுப்புச் சுவர்ப் பக்கம் இழுத்தது. பரவாயில்லை என்று கணவர் இன்ஜினைக் கிளப்பச் சாவியைத் திருகினார். டிக் என்றது. இன்னொரு தரம் டிக் என்றது. அதோடு அதுவும் நின்றது. கணவர் ஓடி வந்து சிவப்புத் திருகைப் பார்த்தார். 'இரண்டும்' என்பதில் இருந்தது. இன்ஜினுடைய பேட்டரியும் மற்றவற்றோடு சேர்ந்து சொட்டுச் சொட்டாக வடிந்து தீர்ந்திருந்தது. மாமனார்தான் என்று அவர் கத்த ஆரம்பித்தார். கத்தினவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். முந்தைய நாள், ஃப்ரிட்ஜுக்கு உயிர் வருமா பார்ப்போம் என்று யாருக்கும் தெரியாமல் அந்த இடத்துக்குத் திருப்பி வைத்தது அவரேதான். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார்.

சுவர் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அதில் ஒட்டியிருந்த சிப்பிகள் கூடத் தெரிந்தன. அவ்வளவு நேரம் மனசுக்குள் நக்கலடித்துக்கொண்டிருந்தவள் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நீச்சல் தெரியாத அப்பாதான் முன்பக்கம் ஓடினார். நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். கயிறு சீறிக்கொண்டு ஓடியது. அதை வெறுங்கையால் பிடித்து முளையில் சுற்றினார். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. படகு ஒரு உலுக்கு உலுக்கி, சுவருக்கு ஒரு கழி தூரத்தில் நின்றது. பிறகு ஒரு மீன்பிடிப் படகுக்காரர் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார். இழுத்துக்கொண்டு போகும்போது, பேட்டரி போட மறந்துட்டீங்களா என்று சிரித்தார். மூன்று பேரும் ஐந்து பேட்டரிக்கு மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைக்கே கணவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது, படகுக் குடித்தனத்தை அப்புறம் பார்க்கலாம், இப்போதைக்கு வீடு இருக்கட்டும். அப்பா கையில் கட்டோடு, பலகையில் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தார். அன்றிரவு அவள் தன் வீட்டில், தன் கட்டிலில் படுத்தாள்.

மறுநாள் காலை அப்பாவைப் பஸ் ஏற்றிவிடக் கூடப் போனாள். நிறுத்தத்தில் இரும்பு பெஞ்சியில் உட்கார்ந்தார்கள். ஜெயித்தவர்களுக்கு வருகிற தாராளம் அவளுக்கும் வந்தது. கை வலிக்கிறதா, மாத்திரை இருக்கிறதா என்று கேட்டாள். அண்ணன் வீட்டில் சௌகரியமாகத்தான் இருக்கும், நானும் அடிக்கடி வந்து பார்க்கிறேன் என்றாள். அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, ஏதோ ஒரு லாரியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"டைனமோ ரெண்டாம் நாளே போயிடுச்சும்மா. மாப்பிள்ளை அந்தப் பக்கமா திருப்பினாரே, அப்பவே."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சுக்கிட்டேவா ஃப்ரிட்ஜைத் திட்டிக்கிட்டு இருந்தீங்க?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்," என்றார் அப்பா. "சமையல் விளக்கை நீ பாத்தே. ரெண்டு தரம் பாத்தே. எங்கிட்ட வளந்த பொண்ணு, உனக்குத் தெரியாம இருக்குமா? பாத்துட்டு என் பக்கம் திரும்பவே இல்ல. சரி, அப்பன் கூட இருக்கிறது பிடிக்கல போலன்னு நினைச்சுக்கிட்டேன். அதை உன் வாயால சொல்ல வைக்க வேணாம்னுதான் நானும் பேசாம இருந்துட்டேன்."

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குப் பதில் இருந்திருக்கும். அப்பாவைப் பற்றி, கணவரைப் பற்றி, அண்ணியைப் பற்றி, மூக்குக்கண்ணாடி போட வருகிறவர்களைப் பற்றி, யாரைப் பற்றியும் அவளிடம் ஒரு இளக்காரமான சொல் தயாராக இருக்கும். இப்போது ஒன்றும் வரவில்லை.

"நீங்க இல்லப்பா. வீடு," என்றாள். "எனக்கு அந்த வீட்டை விட மனசு வரல. அதுக்குத்தான் சொல்லாம இருந்தேன். உங்களை நினைச்சு இல்ல."

வருஷக்கணக்காக யாரிடமும் சொல்லாததை, சொல்ல வேண்டிய மனிதரிடம் சொல்லாமல், சொல்லிப் பயனில்லாத இடத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா கேட்டுக்கொண்டார். மெல்லத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் அவளுக்குத் தெரியும். வறண்டு வெடித்த பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து, தினமும் தண்ணி ஊத்திக்கிட்டுத்தாங்க இருந்தேன், எப்படிப் போச்சுன்னே தெரியல என்று சொல்கிறவர்களிடம் அப்பா வாதாட மாட்டார். இதே மாதிரி தலையாட்டிவிட்டு, பேட்டரியை வாங்கி ஓரமாக வைப்பார்.

"நிஜமாத்தான்ப்பா," என்றாள்.

"சரிம்மா," என்றார்.

எங்க வீட்டுக்கே வந்துடுங்க என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. முன்னறையில் குவிந்து கிடக்கும் பாய்த்துணியும் கயிறும், அதற்குக் கணவர் என்ன சொல்வார் என்பதும் கூடவே வந்தன. அவள் இதையெல்லாம் ஒழித்துவிட்டுப் பேசுவதற்குள் பஸ் வந்து நின்றது. பையை வாங்கக் கை நீட்டினாள். அப்பா அதைக் கட்டுப் போடாத கைக்கு மாற்றிக்கொண்டு, தானே கம்பியைப் பிடித்து ஏறினார். அவள் நின்ற பக்கம் காலியாக இருந்த ஜன்னல் ஓரங்களை விட்டுவிட்டு, எதிர்ப்பக்க இருக்கையில் போய் உட்கார்ந்தார்.